மேலக்கோட்டையூர் வெலோட்ரோம்: ஊர்க்காரர்களுக்கு எந்த நேரம், எந்த விதி? எழுதிக் கேட்போம்

வண்டலூர்வாசி

நண்பர்களே, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நம் மாநிலத்தில் நடந்தபோது, ட்ராக் சைக்கிள் பந்தயங்கள் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்து வெலோட்ரோமில்தான் நடந்தன. வெலோட்ரோம் என்றால் வளைவுகள் சாய்வாக இருக்கும் சைக்கிள் பந்தயத் தடம். போட்டி முடிந்தது, தட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தடம் அங்கேயே இருக்கிறது. நாம் பேச வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மாணவர்களுக்கும் மாநில அணிக்கும்தான் முதல் உரிமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அதே வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் விடிகாலை லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கண்டிகை, ரத்தினமங்கலம், மாம்பாக்கம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் அந்தத் தடத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று நிர்வாகத்திடம் ஒரு முன்மொழிவு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "பொதுமக்களுக்கும் அனுமதி வழங்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பைசா பிரயோஜனம் இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யாருக்கு, எவ்வளவு கட்டணம், யார் பொறுப்பு என்று நேர அட்டவணையாகவே எழுதிக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் ஊருக்கு என்று ஆரம்பித்தால், ஒரு பயிற்சி முகாம் வந்தாலே அந்த மிச்சமும் காணாமல் போய்விடும்.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். ஆட்சேபம் இருந்தாலும் சொல்லுங்கள்.

பழைய_ரேசர்

தம்பி, ஆட்சேபம் இருக்கிறது. நான் மாநில அணிக்காக ட்ராக் ஓட்டியவன். ட்ராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும். ரோட்டில் பழகிய ஆள் பயந்துபோய் காலை நிறுத்தப் பார்ப்பான், பின்சக்கரம் காலை உதறித் தள்ளும். வளைவின் சாய்வில் வேகம் குறைந்தால் டயர் பிடி விட்டு அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு வருவான். கீழே யார் வருகிறார்களோ அவர்களையும் சேர்த்துத்தான். அதிகம் உடைவது காறை எலும்பு.

இன்னொன்று. அந்தமான் பிள்ளை ஈசோ ஆல்பன் 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் என்ற ட்ராக் வேகப் பந்தயத்தில் வெள்ளி வாங்கினான். அந்த மாதிரி ஒரு பிள்ளையைத் தமிழ்நாடு உருவாக்க வேண்டும் என்றால் தடத்தில் மணிக்கணக்காக ஓட்ட விட வேண்டும். நம் கையில் ஒரு தடம் இருக்கிறது. அதை உடற்பயிற்சிப் பூங்கா ஆக்கிவிடாதீர்கள்.

தாம்பரம்_அம்மா

ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் அந்த மாதிரி ஒரு பிள்ளை எங்கிருந்து வரும்? வாசலே திறக்காத இடத்துக்குள் எந்தப் பிள்ளை தானாகப் போய் நிற்கும்?

ஈஸ்ட்ஹாம்_அக்கா

லண்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு வெலோபார்க் பக்கம்தான். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டியது. ரேசர் அண்ணா சொன்ன பயம் அங்கேயும் நிஜமானதுதான், ஏனென்றால் அது 250 மீட்டர் மரத்தடம், வளைவில் சாய்வு 42 டிகிரி. கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும். அந்தத் தடத்தில்தான் வாழ்க்கையில் ட்ராக் சைக்கிளைத் தொட்டே பார்க்காதவர்களை ஏற்றிவிடுகிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் ஒரு மணி நேரப் பழகு வகுப்பு. சைக்கிள் அவர்களே தருவார்கள், ஹெல்மெட்டும் தருவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி காலை வாரில் மாட்டுவோம். பயிற்சியாளர் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான், எது நடந்தாலும் மிதிப்பதை நிறுத்தாதே. கொஞ்ச நேரம் உள்ளே இருக்கும் தட்டையான பகுதியில் சுற்ற வைப்பார்கள். அப்புறம் வெளிர்நீலப் பட்டைக்கு ஏறச் சொல்வார்கள், அப்புறம் கருப்புக் கோடு. மேலே போவதற்கு முன்னால் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாயா இல்லையா என்பதில் கண்ணாக இருப்பார்கள். தடத்தில் எல்லோரும் இடப்பக்கமாகவே சுற்றுவதால் ஆபத்து எப்போதும் வலது பக்கத்திலிருந்துதான் வரும். பார்க்காமல் ஏறியவரைக் கூப்பிட்டு இறக்கிவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவர் வயதில் பெரியவர் என்பதெல்லாம் கணக்கில்லை.

அதற்குப் பிறகு நான்கு படிகளாகத் தகுதிச் சான்று. கடைசிப் படியில் கூட்டமாக ஓட்டத் தெரிகிறதா என்று பயிற்சியாளர் பார்த்துத் தேர்ச்சி கொடுப்பார். அது கையில் இருந்தால்தான் திறந்த பயிற்சி நேரங்களில் இறங்க முடியும். அதனால் பொதுமக்கள் வேண்டாம் என்பதற்குப் பதில், படி ஏறி வந்த பொதுமக்கள் வேண்டும் என்று கேட்கலாமே அண்ணா.

பழைய_ரேசர்

படி முறை என்றால் கேட்கலாம். நீங்கள் சொன்னது ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் அதற்கு நாள் முழுக்கப் பயிற்சியாளர் வேண்டும். இங்கே யார் வருவார்கள், சம்பளம் யார் தருவார்கள்?

கணக்குப்பிள்ளை

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நான் விளையாட்டுக்காரன் இல்லை, கணக்கு பார்க்கிறவன். அதனால் என் பார்வை கொஞ்சம் வேறு.

நம் தடம் திறந்தவெளிக் கான்கிரீட் தடம். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். நான் அதை வரமாகவே பார்க்கிறேன். ரியோவில் 2016 ஒலிம்பிக்குக்கு சைபீரியப் பைன் மரத்தில் தடம் போட்டார்கள். மரம் வளைந்துவிடாமல் இருக்க அரங்கத்தையே குளுகுளுவென்று வைத்திருக்க வேண்டும், அதற்கு மின்கட்டணம் கொட்ட வேண்டும். 2017 ஜூலையில் யாரோ பறக்கவிட்ட நெருப்பு பலூன் கூரையில் விழுந்து தீப்பிடித்தது வேறு கதை. கான்கிரீட்டுக்கு ஏசி வேண்டாம். விரிசல் பார்த்து அடைக்க வேண்டும், கோடுகளுக்கு வண்ணம் பூச வேண்டும், மழைத்தண்ணீர் உள்விளிம்பில் தேங்காமல் வடிகாலைச் சுத்தமாக வைக்க வேண்டும். பெருஞ்செலவு விளக்கும் ஆள் சம்பளமும்தான்.

இப்போது வருமானம். ஒரு நாளில் விலை போகிற நேரம் என்று பார்த்தால் காலை ஐந்தரையிலிருந்து எட்டு, மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை. நம் ஊர் வெயிலில் நடுப்பகல் கான்கிரீட்டில் யாரும் கால் வைக்க முடியாது. ஆக மோதல் எல்லாமே இந்த நேரத்துக்குத்தான் வரும். அணிக்கும் அதே நேரம்தான் வேண்டும், வேலைக்குப் போகிறவருக்கும் அதேதான், பள்ளிப் பிள்ளைக்கும் அதேதான். இதை எப்படிப் பங்கு பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை காலைக்கு நல்ல காசு கொடுக்கத் தயாராக இருப்பார்கள். கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணம் தனிக் கணக்கில் விழுந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போகிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் காசு கொடுக்கிறவருக்கே எல்லா நேரமும் போகும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யமாட்டார்கள், கணக்கு தானாகவே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

வண்டலூர்வாசி

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே முன்மொழிவில் சேர்க்கிறேன். பயிற்சியாளர் பற்றி ஒரு யோசனை: அது விளையாட்டுப் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் ஆவதற்காகவே படிக்கிற மாணவர்கள் வளாகத்திலேயே இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை அவர்களுடைய செய்முறைப் பயிற்சியாகவே வைக்கச் சொல்லிக் கேட்டால் என்ன? மேற்பார்வைக்கு அனுபவம் உள்ள ஒருவர் இருந்தால் போதும்.

செயின்_செட்

நல்ல யோசனை. சைக்கிள் எங்கிருந்து வரும் என்பதையும் பேசிவிடுவோம். ட்ராக் சைக்கிள் சொந்தமாக வைத்திருப்பவர்கள் நம் ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வாடகைச் சைக்கிள் இல்லாமல் பொதுமக்கள் நேரம் என்று அறிவித்தால் யாரும் வரமுடியாது, பிறகு "கூட்டமே வரவில்லை" என்று அந்த நேரத்தை எடுத்துவிடுவார்கள்.

வாங்கும்போது அளவைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆறடி ஆளுக்கு ஏற்ற ஃபிரேமாக வாங்கி வைத்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்தடிக்குக் கீழே இருக்கிற பெண்ணும் வெளியேதான் நிற்க வேண்டும். சின்ன ஃபிரேம்தான் அதிகம் வேண்டும். கியர் விகிதமும் லேசாக இருக்க வேண்டும், ரேஸ் கியரைப் புதியவருக்குக் கொடுத்தால் முட்டி போய்விடும்.

நான் மெக்கானிக். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். செயின் தொய்வு இருக்கக்கூடாது, ஃப்ரீவீல் இல்லாத இந்த வண்டியில் செயின் கழன்றால் பின்சக்கரமே இறுகிக்கொள்ளும். சக்கர நட்டு இறுக்கமா, டயரில் வெட்டு இருக்கிறதா, டயர் ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் முனையில் மூடி இருக்கிறதா என்பது முக்கியம். மூடி இல்லாத குழாய் விழுகிறபோது உடம்புக்குள் இறங்கிவிடும். மூடி இல்லாத வண்டி தடத்தில் ஏறக்கூடாது, அவ்வளவுதான், பேச்சே இல்லை. தண்ணீர் பாட்டிலும் வண்டியில் இருக்கக்கூடாது. ஒன்று கழன்று விழுந்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள்.

கேளம்பாக்கம்_ரைடர்

எங்கள் குழுவில் எல்லோரிடமும் ரோட் சைக்கிள் இருக்கிறது. அதையே தடத்தில் ஓட்ட விட்டால் என்ன? பிரேக் இருப்பது கூடுதல் பாதுகாப்புதானே?

பழைய_ரேசர்

அங்கேதான் எல்லோரும் தப்பாக நினைக்கிறீர்கள் தம்பி. உனக்கு முன்னால் போகிறவன் பிரேக் பிடித்தால், பின்னால் பிரேக் இல்லாமல் வருகிறவன் என்ன செய்வான்? இரண்டு வகை வண்டியும் ஒரே நேரத்தில் தடத்தில் இருக்கவே கூடாது. ரோட் வண்டிக்குத் தனி நேரம் கொடுங்கள், நான் மறுக்கவில்லை. பொதுவாகவே தடம் நீளமாக இருந்தால் சாய்வு குறையும், அந்த மாதிரித் தடத்தில் ரோட் வண்டி தாராளமாக ஓடும். அப்போதும் சாய்வின் நடுவில் மிதிப்பதை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கக்கூடாது, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

கேளம்பாக்கம்_ரைடர்

சரி அண்ணா, புரிந்தது. தனி நேரம் என்றே எழுதுவோம்.

தாம்பரம்_அம்மா

இத்தனை நேரம் சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிறவள். என் கேள்விகள் வேறு.

என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறாள், எதிர்க்காற்றில் ஆண் பிள்ளைகளை முந்திக்கொண்டு போவாள். அவளுக்கு வெலோட்ரோம் என்று ஒன்று இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும். அவளை அங்கே அனுப்ப வேண்டும் என்றால் எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும்: மாலை வகுப்பு முடிகிறபோது வளாக வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை விளக்கு இருக்கிறதா? பெண்களுக்கு உடை மாற்ற அறை, பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை, தண்ணீர் இருக்கிறதா? சொல்லிக் கொடுப்பவர்களில் ஒரு பெண்ணாவது இருப்பாரா? வண்டியைச் சரிசெய்கிறேன் என்று சீட்டைப் பிடித்துத் தள்ளுகிற வகுப்பு இது. பெண் பயிற்சியாளர் இல்லாத நாளில் நான் பிள்ளையை அனுப்பமாட்டேன், என் மாதிரி நிறைய அம்மாக்கள் அனுப்பமாட்டார்கள்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்ராக் வண்டியில் செயின் கார்டு கிடையாது என்கிறீர்கள். துப்பட்டா, அகலமான பேண்ட் எல்லாம் ஆகாது. ஆனால் உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடைதான் போட வேண்டும் என்று விதி போட்டால் பாதிப் பிள்ளைகள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். பள்ளி விளையாட்டு வகுப்புக்குப் போடுகிற டிராக் பேண்ட், டி-ஷர்ட் போதும், கால்பக்கத்தை ரப்பர் பட்டையால் இறுக்கிக்கொள்ளலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பெண்களுக்கு மட்டும் என்று வாரத்தில் ஒரு நேரமும் வேண்டும்.

செயின்_செட்

அக்கா, டிராக் பேண்ட்டும் ரப்பர் பட்டையும் தாராளமாகப் போதும். மெக்கானிக்காகச் சொல்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

தாம்பரம் அக்கா கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி. தெற்கு லண்டனில் ஹெர்ன் ஹில் என்று ஒரு தடம் இருக்கிறது. நம் தடத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் ஸ்ட்ராட்ஃபோர்டைவிட அதுதான் பொருத்தம். திறந்தவெளி, ஏறக்குறைய 450 மீட்டர், சாய்வு குறைவு. 1891-ல் கட்டியது, 1948 ஒலிம்பிக்கில் ட்ராக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. பிறகு கவனிப்பாரில்லாமல் போய், குத்தகைப் பிரச்சினையில் 2005-ல் மூடுகிற நிலைக்கே வந்தது. அதைக் காப்பாற்றியவர்கள் அங்கே ஓட்டுகிற சாதாரண ஆட்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும்தான். இயக்கம் நடத்தினார்கள், அறக்கட்டளை அமைத்தார்கள், 2011-ல் தடத்துக்குப் புது மேற்பரப்பு போட வைத்தார்கள், 2017-ல் புதுக் கட்டடமும் வந்தது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு, பெண்களுக்கென்று தனி நேரம் எல்லாம் உண்டு.

ரேசர் அண்ணாவுக்காக ஒன்று சொல்கிறேன். ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கிய பிராட்லி விக்கின்ஸ் சிறுவனாக, 12 வயதில், முதலில் பந்தயம் ஓட்டியது ஹெர்ன் ஹில்லில்தான். பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்திருந்ததால் வந்தவர் அவர்.

இன்னொரு கதையும் நமக்குப் பயன்படும். இன்றைக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு வெலோபார்க் இருக்கிற இடத்தில் 1975 முதல் ஈஸ்ட்வே என்று ஒரு சைக்கிள் வளாகம் இருந்தது. ஒலிம்பிக்குக்காக 2006-ல் மூடினார்கள். மாற்று இடமாக இல்ஃபோர்டு பக்கத்தில் ஹாக் ஹில் வளாகம் 2008-ல்தான் திறந்தது. நடுவில் இருந்த காலத்தில் அங்கே ஓட்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒலிம்பிக் முடிந்த பிறகு தங்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் போய்க் கேட்டார்கள். முதலில் காட்டிய இடம் போதாது, ரோட் சுற்று எங்கே, மலைச்சைக்கிள் பாதை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2014-ல் பொதுமக்களுக்குத் திறந்தபோது ட்ராக், ஒரு மைல் ரோட் சுற்று, மேடுபள்ளங்களில் சின்னச் சைக்கிள் ஓட்டும் பிஎம்எக்ஸ் தடம், மலைச்சைக்கிள் பாதை நான்கும் ஒரே வளாகத்தில் இருந்தன. கட்டி முடித்த பிறகு கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. நமக்குத் தடம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, ஆனால் அதன் பழக்கவழக்கம் இன்னும் கெட்டிப்படவில்லை. கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

வண்டலூர்வாசி

அக்கா, பெரிய நன்றி. தேசிய அணியும் பொதுமக்களும் ஒரே தடத்தைப் பயன்படுத்துகிற இடம் ஏதாவது உண்டா? நிர்வாகம் முதலில் அதைத்தான் கேட்கும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

மான்செஸ்டர். 1994-ல் திறந்தது, பிரிட்டனின் முதல் ஒலிம்பிக் தர உள்ளரங்கத் தடம். பிரிட்டிஷ் தேசிய அணி பயிற்சி எடுப்பது அங்கேதான். உலகத்திலேயே மிகவும் பரபரப்பான தடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியதும் அதே தடம்தான். பதக்கம் வாங்குகிறவர்கள் இறங்கிய பிறகு, அதே மரப்பலகையில் முதல்முறை வருகிறவர்கள் ஏறுகிறார்கள். இரண்டும் நடக்கும், அட்டவணை ஒழுங்காக இருந்தால்.

மில்டன்_மாமா

கனடாவிலிருந்து. நான் மில்டன் நகரத்திலேயே இருக்கிறேன், டொராண்டோவுக்கு மேற்கே. எங்கள் ஊர் வெலோட்ரோம் 2015 பான் அமெரிக்கப் போட்டிக்காகக் கட்டியது. முதலில் ஹாமில்டனில் கட்டுவதாகத்தான் திட்டம். செலவைப் பார்த்து அந்த நகரம் பின்வாங்கியது, மில்டன் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரிலும் அன்றைக்குப் பெரிய சண்டை. நாலு சைக்கிள்காரர்களுக்காக நம் வரிப்பணமா என்று கேட்டவர்கள் நிறைய.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது தடத்தின் நடு மைதானம்தான். தடத்துக்கு நடுவே கூடைப்பந்து, வாலிபால், பேட்மிண்டன் ஆடுகிற மாதிரி மூன்று ஆடுகளம் போட்டிருக்கிறார்கள். மேல் தளத்தில் சுற்றிலும் நடைப்பாதை. பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாது, அதனால் வயதானவர்கள் காலையில் அங்கே வந்து நடக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள். ஆனால் அந்தக் கட்டடத்தை எங்கள் இடம் என்று சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

உங்கள் தடத்திலும் நடு மைதானத்தை விட்டுவிடாதீர்கள். சைக்கிள் ஓட்டாத ஊர்க்காரருக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பழைய_ரேசர்

மாமா, நடு மைதானத்துக்கு ஆள் எப்படிப் போவார்கள்? தடத்தைக் குறுக்கே கடந்துதானே? சுரங்கப்பாதை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் பிரேக் இல்லாமல் வருகிறவனுக்குக் குறுக்கே பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடினால்?

மில்டன்_மாமா

இங்கே கீழ் வழியாகப் போகலாம். இங்கிலாந்தில் டெர்பி நகரத்தில் 2015-ல் கட்டிய அரங்கத்தில் தடத்தையே ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். கீழே 12 பேட்மிண்டன் களம். மேலே சைக்கிள் ஓட, கீழே ஆட்டம் நடக்கும், ஒருவருக்கொருவர் தொந்தரவே இல்லை. கட்டும்போதே யோசித்தால் அப்படிச் செய்யலாம்.

கணக்குப்பிள்ளை

நமக்குக் கட்டியாகிவிட்டது, ஆகவே விதியால்தான் சமாளிக்க வேண்டும். தடத்தில் வண்டி ஓடுகிறபோது நடு மைதானத்தில் பந்து ஆட்டம் கிடையாது. கடப்பது ஒரே இடத்தில், கொடி பிடித்த ஆள் தடத்தை நிறுத்திய பிறகு. நடைப்பயிற்சிக்காரர்களுக்குத் தடத்துக்கு வெளியே பாதை. தடத்தின் மேல் நடக்க யாரையும் விடக்கூடாது, விட்டால் அடுத்த நாள் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

ஆனால் மாமா சொன்ன அடிப்படை சரி. தடம் ஓடாத நேரத்தில் நடு மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு சைக்கிள் பழக்கலாம். பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் தள்ளிப் பழகுகிற முறையில் பழக்கினால் விழுந்தாலும் அடி இல்லை. சைக்கிளே ஓட்டத் தெரியாத பெரியவர்களும், அதிலும் பெண்கள், எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரோட்டில் பழக வெட்கப்படுகிறவர்களுக்கு அது பாதுகாப்பான இடம்.

இரட்டைச்சைக்கிள்

எல்லோருக்கும் வணக்கம். பார்வையில்லாத நண்பர்களோடு டேண்டம், அதாவது இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள், ஓட்டுகிறேன், முன்சீட்டு என்னுடையது. இதுவரை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

பாராலிம்பிக்கில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு டேண்டத்தில் ட்ராக் பந்தயம் உண்டு. நம் ஊரில் டேண்டம் ஓட்ட இடம் இல்லை. ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் "வேகத்தடை, வேகத்தடை" என்று கத்திக்கொண்டே போவேன், பின்சீட்டில் இருப்பவர் உடம்பை இறுக்கிக்கொள்வார். அவர் ஒரு தடவையாவது முழு மூச்சாக மிதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். குழியும் தடையும் இல்லாத தடம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

வாரம் ஒரு மணி நேரம் போதும். டேண்டம் நீளமான வண்டி, எடையும் அதிகம், புதியவர்களோடு கலந்து ஓட்டமுடியாது. கைச்சைக்கிள், மூன்று சக்கர வண்டிக்காரர்களுக்குச் செங்குத்தான சாய்வு ஆகாது, அவர்களுக்கு உள்ளே இருக்கும் தட்டைப் பகுதி வேண்டும். வளாக வாசலிலிருந்து தடம் வரை படிக்கட்டு இல்லாத வழி இருக்கிறதா என்பதையும் நேரில் போய்ப் பார்த்து முன்மொழிவில் சேருங்கள்.

பழைய_ரேசர்

தம்பி, டேண்டம் நேரத்துக்கு நான் வருகிறேன். முன்சீட்டுக்கு ஆள் பழக்க வேண்டும் என்றால் சொல்லு.

வண்டலூர்வாசி

சரி, இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு எழுதினேன். படித்துப் பார்த்து வெட்டுங்கள், சேருங்கள்.

காலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை பல்கலைக்கழகத்துக்கும் அணிக்கும் முழுசாகப் போகிறது, அதில் கை வைக்கவில்லை. சனி காலை ஆறு முதல் ஏழரை, பதிவு செய்த பெரியவர்களுக்குக் கட்டண வகுப்பு. ஏழரை முதல் ஒன்பது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம், வண்டியும் ஹெல்மெட்டும் உட்பட. ஞாயிறு காலை முதல் ஒரு மணி நேரம் டேண்டம், மாற்றுத்திறனாளிகள். அடுத்த ஒன்றரை மணி நேரம் ரோட் வண்டிகள் மட்டும். அதற்குப் பிறகு தடத்தை மூடிவிட்டு நடு மைதானத்தில் சைக்கிள் பழகும் வகுப்பு. வார நாளில் இரண்டு மாலை ஊருக்கு: வியாழன் ஆறு முதல் ஏழரை பெண்களுக்கு மட்டும், புதன் ஆறு முதல் ஏழரை சான்று பெற்றவர்களுக்குத் திறந்த பயிற்சி.

போட்டிக்காகவோ முகாமுக்காகவோ ஊர் நேரத்தை எடுத்தால் இரண்டு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும், அதே மாதத்தில் ஈடு செய்ய வேண்டும். இந்த வரிதான் எனக்கு மிக முக்கியம். அட்டவணை வளாக வாசலில் தமிழில் பலகையாக இருக்க வேண்டும், இணையத்தில் மட்டும் போட்டால் போதாது. இணையத்தில்தான் பதிவு என்றால், பள்ளிகளுக்குத் தொலைபேசியிலும் பதிவு செய்ய வழி வேண்டும்.

மழை பற்றி: தடம் ஈரமாக இருந்தால் வகுப்பு இல்லை. வண்ணக் கோடு நனைந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதி வகுப்பு போகும் என்று எடுத்துக்கொண்டு, அந்த நாட்களில் வண்டி பராமரிப்பு, முதலுதவி, பந்தய விதி என்று கூரைக்கு அடியில் வகுப்பு வைக்கலாம். செயின்_செட் அண்ணா பராமரிப்பு வகுப்பு எடுப்பாரா?

செயின்_செட்

எடுக்கிறேன். பஞ்சர் ஒட்டுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தாம்பரம்_அம்மா

தம்பி, கழிப்பறை, விளக்கு, பெண் பயிற்சியாளர் மூன்றும் வரைவில் எங்கே? வியாழன் பெண்கள் நேரம் என்று எழுதிவிட்டு இது இல்லை என்றால் யாரும் வரமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

காப்பீடும் இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு, ஒவ்வொரு வகுப்பிலும் முதலுதவி தெரிந்த ஒருவர், பக்கத்தில் எந்த மருத்துவமனை, ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்பதுவரை எழுதுங்கள். நிர்வாகம் மறுப்பதற்கு முதலில் சொல்லப் போகிற காரணம் இதுதான். நாமே பதிலோடு போவோம்.

பழைய_ரேசர்

வரைவு நன்றாக இருக்கிறது தம்பி, மனசாரச் சொல்கிறேன். ஒன்றைத் தவிர. புதன் மாலையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஞாயிறு பந்தயம் இருக்கிற வாரத்தில் பிள்ளைகளுக்குக் கடைசிக் கடுமையான பயிற்சி புதன்தான் விழும். அன்றைக்குத் தடம் அவர்களுக்கு முழுசாக வேண்டும், விளக்கு அணைகிற வரை. செவ்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஈடு செய்கிற விதிக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன், ஏனென்றால் அந்த விதி நாளைக்கு எங்கள் பிள்ளைகளின் நேரத்தையும் காப்பாற்றும்.

வண்டலூர்வாசி

செவ்வாய் என்று மாற்றிவிட்டேன் அண்ணா. அக்கா கேட்ட மூன்றையும் முதல் பக்கத்திலேயே, அட்டவணைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். காப்பீட்டுப் பகுதியைக் கணக்குப்பிள்ளை ஐயா எழுதி அனுப்பினால் சேர்த்துவிடுவேன். வாசலிலிருந்து தடம் வரை படி இல்லாத வழி இருக்கிறதா என்று பார்க்க, அனுமதி வாங்கிக்கொண்டு நானும் இரட்டைச்சைக்கிளும் போகிறோம். வேறு யாராவது வருகிறீர்களா?

தாம்பரம்_அம்மா

நான் வருகிறேன், மகளையும் அழைத்து வருகிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வருவோம், இருட்டின பிறகு.